ஓட்டில்லாத ஊரின் தேர்தல்

2016 நவம்பர் 9-ஆம் தேதி டொனால்ட் டிரம்ப் ஜெயித்த செய்தி திருப்பூருக்கு வந்து சேரவில்லை என்றே சொல்லலாம். முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்கு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் டிவியில் அறிவித்திருந்தார். சனிக்கிழமை சம்பளம் போட்டாக வேண்டும். பீரோவில் இருந்ததெல்லாம் அந்த நோட்டுதான். வங்கி வாசலில் நிற்கிறவனுக்கு அமெரிக்காவை யார் ஆண்டால் என்ன?

அப்படிக் கவனிப்பாரில்லாமல் வந்தவர், நான்கு வருஷம் கழித்துப் போகும்போது இந்த ஊரில் நல்ல பெயரோடுதான் போனார். காரணம் இருந்தது. பதவியேற்ற கையோடு, 2017 ஜனவரி 23 அன்று, டி.பி.பி. எனப்பட்ட பசிபிக் நாடுகளின் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்காவை விலக்கினார். அது நடப்புக்கு வந்திருந்தால் வியட்நாம் பனியன் படிப்படியாக வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போயிருக்கும்; எங்கள் பருத்தி டி-சர்ட் 16.5 சதவீத வரியைச் சுமந்துகொண்டு அதன் பின்னால் ஓடியிருக்கும். 2018-ல் சீனாவோடு வரிச்சண்டை தொடங்கியதும், சீனாவுக்கு மாற்று தேடிய பையர்கள் இந்தப் பக்கமும் விசாரித்தார்கள். 2019 ஜூனில் இந்தியாவுக்கான ஜி.எஸ்.பி. எனப்பட்ட இறக்குமதி வரிச் சலுகையை ரத்து செய்தபோது மற்ற தொழில்காரர்கள் அலறினார்கள். ஆயத்த ஆடை பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இல்லாததால் எங்களுக்குக் கீறல்கூட விழவில்லை.

ஆகவே 2024-ல் அவர் மறுபடி நின்றபோது எங்கள் முதலாளிக்கு ஒரு குழப்பமும் இல்லை. "பார்த்த ஆளுதானுங்க அம்மிணி. நமக்கு என்ன கெடுத்தாரு?" என்றார்.

நான் மெர்ச்சண்டைசர். பையர் அனுப்பும் படத்துக்கு விலை போடுவது, சாம்பிள் அனுப்புவது, நூலிலிருந்து அட்டைப் பெட்டி வரை ஒரு ஆர்டரின் பின்னாலேயே அலைவது என் வேலை. அவினாசி ரோட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கம்பெனியில் பாதிக்கு மேல் அமெரிக்க ஆர்டர், மிச்சம் ஐரோப்பா. அங்கே விடியும்போது எனக்கு வேலை முடியும் நேரம். அதனால் அவர்கள் ஊர்ச் செய்தி எனக்குப் பழக்கம்.

எங்களுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு கிடையாது. ஆனாலும் வேட்பாளரை எடைபோட்டே தீர வேண்டியிருந்தது. 2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா டாக்காவை விட்டு வெளியேறியதும் வங்கதேசத்துக்குப் போயிருந்த விசாரணைகள் சில எங்கள் மெயிலுக்கு வரத் தொடங்கின. ஊரே சுறுசுறுப்பாக இருந்தது. அந்த நிதியாண்டு முடிவில் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி சுமார் 45,000 கோடி ரூபாயைத் தொட்டது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. பக்கத்துக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, வங்கிக் கடனில் இன்னொரு லைன் மெஷின் இறக்கலாமா என்று முதலாளி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். டிரம்பா, கமலாவா என்பது எங்களுக்கு டீக்கடைப் பேச்சாக இருக்கவில்லை. அந்தக் கடனுக்குக் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்பதே அதைப் பொறுத்திருந்தது.

ஊர் எப்படி எடைபோட்டது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

எங்கள் கட்டிங் மாஸ்டருக்கு மன்னார்குடிப் பக்கம். கமலா ஹாரிஸின் தாய்வழிப் பாட்டனார் பி.வி. கோபாலனின் துளசேந்திரபுரம் அங்கேதான். ஜூலை 21-ல் அதிபர் பைடன் போட்டியிலிருந்து விலகி கமலா பெயர் வந்ததிலிருந்து மாஸ்டருக்குக் கால் தரையில் பாவவில்லை. துளசேந்திரபுரத்துக் கோயிலில் பூஜை நடக்கும் வீடியோவைக் கட்டிங் டேபிளில் வைத்து எல்லோருக்கும் காட்டுவார். "நம்ம பக்கத்துப் பொண்ணு தங்கச்சி. நமக்குச் செய்யாம போவாங்களா?" கமலா அந்த ஊரில் பிறக்கவும் இல்லை, வளரவும் இல்லை. வர்த்தகத்தில் அவர் என்ன செய்வார் என்பதும் தெளிவாக இல்லை. பைடன் அரசு டிரம்பின் சீன வரிகளை நீக்கவில்லை, 2024 மே மாதம் சிலவற்றை உயர்த்துவதாக அறிவித்தது. இதையெல்லாம் சொன்னால் மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார்.

முதலாளியின் அளவுகோல் வேறு. சீனச் சரக்குக்கு 60 சதவீத வரி என்று டிரம்ப் மேடைக்கு மேடை சொன்னார். அந்த 60 எங்கள் ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். அதே வாயால், எல்லா நாட்டுச் சரக்குக்கும் 10 முதல் 20 சதவீதம் என்றும் சொன்னார். அது காதில் ஏறவில்லை. செப்டம்பரில் மிச்சிகன் மாநிலக் கூட்டமொன்றில் இந்தியாவைப் பெயர் சொல்லியே, வர்த்தகத்தில் அமெரிக்காவை மோசமாகச் சுரண்டும் நாடு என்றார். அக்டோபரில் சிகாகோவில், அகராதியிலேயே அழகான சொல் இறக்குமதி வரிதான் என்றார். இதற்கு மேல் ஒரு வேட்பாளர் எப்படி வெளிப்படையாகச் சொல்ல முடியும்?

செப்டம்பர் 10-ஆம் தேதி விவாதம் எங்களுக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்கு. அடுப்படியில் போனைச் சாத்தி வைத்துப் பார்த்தேன். டிரம்பின் வரித் திட்டத்தை, சாதாரண அமெரிக்கர் தலையில் விழும் டிரம்ப் விற்பனை வரி என்று கமலா சொன்னார். எனக்குச் சட்டென்று உறைத்தது, ஏனென்றால் அது என் தொழில் கணக்கு. நாங்கள் எஃப்.ஓ.பி. விலைக்கு விற்கிறோம். தூத்துக்குடியில் பெட்டி கப்பலேறியதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது. வரி கட்டுவது அந்தக் கரையில் இறக்குகிறவர். அவர் கடையில் விலை ஏற்றுவார், இல்லாவிட்டால் எங்களிடம் விலை குறைக்கச் சொல்வார். வெளிநாடு கட்டும் என்று மேடையில் சொல்வதைச் சரக்கு அனுப்புகிற எவரும் நம்ப மாட்டார்கள். கம்பெனிக்குப் போனால் அந்த விவாதத்திலிருந்து எல்லோர் போனிலும் இருந்தது ஒரே துண்டுதான்: ஒஹையோவில் நாயையும் பூனையையும் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னது. விற்பனை வரி யார் வாட்ஸ்அப்புக்கும் வரவில்லை.

பத்து சதவீதம் வந்தால் என்ன, இருபது வந்தால் என்ன என்று ஒரு தாளில் கணக்குப் போட்டு முதலாளி மேஜையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். "எல்லாருக்கும் போட்டா எல்லாருக்கும்தானே? நமக்கு மட்டுமா?" என்றார். தொழில்காரர் கேட்கும் நியாயமான கேள்வி அது. அந்தத் தாளில் 50 என்று ஒரு பத்தி இருந்திருந்தால் இரண்டு பேருமே சிரித்திருப்போம்.

எனக்கு அப்போது உறுத்தியது வேறொன்று. துணி ரோல்களை டேபிளில் விரித்ததும், ரோலுக்கு ரோல் ஷேடு மாறினால் எங்கள் மாஸ்டர் மெஷினை நிறுத்திவிடுவார். முதலாளியே வந்து நின்று, "நாளைக்கு ஷிப்மெண்ட் மாஸ்டர், வெட்டுங்க" என்றாலும் கை வைக்க மாட்டார். முதலாளி கத்துவார், பிறகு டையிங்குக்குப் போன் போடுவார். வெட்டின துணியை ஒட்ட முடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். டிரம்பின் முதல் ஆட்சியிலும் அப்படி ஒருவர் இருந்திருக்கிறார். தென்கொரியாவுடனான வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து விலகும் கடிதத்தை அதிபர் மேஜையிலிருந்தே பொருளாதார ஆலோசகர் கேரி கோன் எடுத்து மறைத்துவிட்டதாக, 2018-ல் வந்த ‘ஃபியர்’ புத்தகத்தில் பாப் வுட்வர்ட் எழுதியிருக்கிறார். அதிபரின் கடிதத்தை ஆலோசகர் ஒளித்துவைப்பது ஜனநாயகமா என்று கேட்டால் அதுவும் சரியான கேள்விதான். ஆனால் நாங்கள் "பார்த்த ஆள்" என்று சொல்லிக்கொண்டிருந்தது தனி ஆளை இல்லை. அவரையும் அவருக்கு முடியாது என்று சொன்னவர்களையும் சேர்த்துத்தான். 2024-ல் அந்தக் கூட்டம் பக்கத்தில் இல்லை. துணை அதிபராக இருந்த மைக் பென்சே ஆதரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வெள்ளை மாளிகையின் தலைமை அதிகாரியாக இருந்த ஜான் கெல்லி வெளிப்படையாக எச்சரித்தார். ஒரு கம்பெனியில் பழைய ஆட்கள் ஒவ்வொருவராக விலகினால் அந்தக் கம்பெனிக்கு நூல் கடன் கொடுக்க இந்த ஊரில் யோசிப்பார்கள். வேட்பாளர் விஷயத்தில் அந்த யோசனை வரவில்லை.

நவம்பர் 6 மதியம் முடிவு தெரிந்தது. முதலாளி ஆபீசுக்கு இனிப்பு வாங்கி வரச் சொன்னார். மாஸ்டர் தனக்கு வந்ததைச் செக்கிங் பெண்கள் பக்கம் தள்ளிவிட்டார். பிப்ரவரியில் புது லைன் இறங்கியது.

2025 ஏப்ரல் 2-ஆம் தேதி வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நாட்டுக்கு நாடு வரி எழுதிய பெரிய அட்டையை அவர் தூக்கிப் பிடித்தபோது எங்களுக்கு நள்ளிரவு தாண்டியிருந்தது. ஊரில் பல வீட்டில் விளக்கு எரிந்தது. இந்தியாவுக்கு 26. வங்கதேசத்துக்கு 37, இலங்கைக்கு 44, வியட்நாமுக்கு 46, கம்போடியாவுக்கு 49. காலையில் முதலாளி சிரித்த முகமாக வந்தார். "நான் சொன்னேனல்லோ?" நிஜமாகவே அன்றைக்கு அவர் சொன்னது சரி. ஒரே வாரம். ஏப்ரல் 9 அன்று சீனா தவிர மற்றவர்களுக்கு 90 நாள் நிறுத்திவைப்பு, எல்லோருக்கும் 10. ஜூலை 30-ல் இந்தியாவுக்கு 25, அதோடு அபராதமும் உண்டு என்ற அறிவிப்பு. ஆகஸ்ட் 6-ல், ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக இன்னொரு 25. மொத்தம் 50. அதற்குள் வங்கதேசம் 20-க்கு இறங்கியிருந்தது, வியட்நாம் 20, இலங்கை 20, பாகிஸ்தான் 19. ஏப்ரல் அட்டையில் எங்களைவிட மேலே இருந்தவர்கள் எல்லோரும் அப்போது எங்களுக்குக் கீழே இருந்தார்கள்.

கணக்கு எளிது. மூன்று டாலர் டி-சர்ட். வழக்கமான 16.5-ஓடு 50 சேர்ந்தால் 66.5 சதவீதம், வரி மட்டும் கிட்டத்தட்ட இரண்டு டாலர். அதே சட்டை டாக்காவிலிருந்து போனால் 36.5 சதவீதம், வரி ஒரு டாலர் பத்து சென்ட். வித்தியாசம் தொண்ணூறு சென்ட். எங்களுக்கு அந்தச் சட்டையில் நிற்கும் லாபம் பதினைந்து சென்ட் இருந்தால் நல்ல ஆர்டர் என்போம்.

சதவீதம்கூடப் பெரிதில்லை என்று எனக்குப் பட்டது. நூல் வாங்கி, நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங் முடிந்து பெட்டி கிளம்ப மூன்று நாலு மாதம் வேண்டும். ஏப்ரலில் நான் விலை பேசிய ஆர்டர் பேக்கிங் டேபிளுக்கு வருவதற்குள் வரி நாலு முறை மாறிவிட்டது. 2011 ஜனவரி 28-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோதும் ஊர் கவிழ்ந்தது. நொய்யல் ஆறு கெட்டதற்கு நாங்கள் கொடுத்த விலை அது. ஆனால் என்ன செய்தால் திறக்கலாம் என்பது தெளிவாக இருந்தது: கழிவுநீர் ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது. செலவு செய்தார்கள், கடன்பட்டார்கள், திறந்தார்கள். இங்கே எதைச் செய்தால் 50 இறங்கும் என்று கம்பெனி நடத்துகிறவர் யாரைக் கேட்பது? எண்ணெய் வாங்குவது நாங்களா?

ஆகஸ்ட் 17, ஞாயிற்றுக்கிழமை. குடியரசுத் துணைத் தலைவர் வேட்பாளராக சி.பி. ராதாகிருஷ்ணனை ஆளும் கூட்டணி அறிவித்தது. திருப்பூரில் பிறந்தவர், 1998-லும் 1999-லும் கோயம்புத்தூர் எம்.பி. அன்று ஊரில் பட்டாசு வெடித்தது. நம்ம ஊர்க்காரர் டெல்லியில் உட்கார்ந்தால் அமெரிக்காவோடு பேசி ஏதாவது செய்வார் என்று எங்கள் அயர்னிங் செக்‌ஷன் வரை நம்பிக்கை. ராஜ்யசபாவுக்குத் தலைமை தாங்கும் பதவிக்கும் வாஷிங்டன் வரிக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்கவில்லை. செப்டம்பர் 9-ல் 452 வாக்கு வாங்கி ஜெயித்தார். எதிர்த்து நின்ற ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி சுதர்சன் ரெட்டிக்கு 300. மாஸ்டர்கூட இந்த முறை சந்தோஷப்பட்டார். மன்னார்குடி இல்லாவிட்டாலும் பிழைக்க வந்த ஊர்.

இடையில் ஆகஸ்ட் 27. பிள்ளையார் சதுர்த்தி. காலை ஒன்பதரை மணிக்கு 50 சதவீதம் நடப்புக்கு வந்தது. கம்பெனிக்கு விடுமுறை. நான் வீட்டில் கொழுக்கட்டை மாவு கிளறிக்கொண்டே பையரின் மெயிலுக்குப் பதில் எழுதினேன். ஆணையில் ஒரு சலுகை இருந்தது: அன்றைக்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17-க்கு முன் அங்கே இறங்கிவிட்டால் இந்தக் கூடுதல் 25 கிடையாது. தூத்துக்குடியில் ஏற்றி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாற்றி, செங்கடல் தாக்குதல்களுக்குப் பயந்து ஆப்பிரிக்காவைச் சுற்றி நியூயார்க் போக அப்போது ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. மூன்று வாரச் சலுகையை எழுதியவர் கையில் கப்பல் அட்டவணை இருந்திருக்காது. விமானத்தில் ஏற்றினால் போய்ச் சேரும், சட்டையின் லாபம் முழுவதையும் சரக்குக்கூலி தின்றுவிட்ட பிறகு.

பையர் கெட்டவர் இல்லை. அவர்கள் மெர்ச்சண்டைசரும் என்னைப் போல ஒரு பெண்; பல வருஷப் பழக்கம். முதலில் வந்த மெயிலில் பாதி வரியை நீங்கள் ஏற்க முடியுமா என்று கேட்டிருந்தார். முடியாது என்றால் நிறுத்திவையுங்கள் என்றார். வெட்டின துணியை என்ன செய்வது என்றேன். இரண்டு நாள் கழித்து, தைத்ததை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், தள்ளுபடியோடு, என்று பதில். அவருக்கும் மேலே ஒரு முதலாளி. மிச்ச துணி குடோனில் ஏறியது. எங்களுக்குப் பக்கத்தில் ஒருவர், போக முடியாத சரக்கை உள்ளூர்ச் சந்தையான காதர்பேட்டைக்குக் கொண்டுபோனார். அங்கே ஏற்கெனவே வந்து குவிந்ததால் கேட்ட விலை நூல் காசுக்கே கட்டவில்லை.

ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆனது. இந்த ஊரில் அந்த அரை ஷிப்ட்தான் ஊருக்கு அனுப்பும் பணம். புது லைன் மேல் தார்ப்பாய் போட்டார்கள்; தவணை மட்டும் தேதி தவறாமல் வந்தது. பஞ்சுக்கான 11 சதவீத இறக்குமதி வரியை மத்திய அரசு செப்டம்பர் கடைசி வரை நீக்கி, பிறகு டிசம்பர் வரை நீட்டித்தது. முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எல்லாம் நல்லதுதான், எங்கள் குடோனில் கிடந்த சட்டைக்கு எதுவும் எட்டவில்லை.

பீகார்ப் பையன் ஒருவன், பிளாட்லாக் மெஷினில் நல்ல கை, ஒரு நாள் என்னிடம் கேட்டான்: "டிரம்ப் இன்னும் எத்தன வருசம் மேடம்?" மூன்று வருஷத்துக்கு மேல் என்றேன். விரலில் எண்ணிப் பார்த்துவிட்டு, தீபாவளிக்கு ஊருக்குப் போகிறேன் என்றான். நவம்பரில் அங்கே சட்டமன்றத் தேர்தல். ஓட்டுப் போட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். சீக்கிரம் வந்துவிடு என்று வழக்கம்போல் சொல்ல வாய் வரவில்லை. வந்தால் கொடுக்க வேலை இருக்குமா என்று எனக்குத் தெரியாது.

அமெரிக்க நீதிமன்றங்கள் மறுபக்கம் தங்கள் போக்கில் போய்க்கொண்டிருந்தன. மே 28-ல் வர்த்தக நீதிமன்றமும், 50 சதவீதம் வந்து இரண்டு நாள் கழித்து மேல்முறையீட்டு நீதிமன்றமும், 1977-ஆம் ஆண்டின் நெருக்கடிச் சட்டத்தை வைத்து இப்படி வரி போட அதிபருக்கு அதிகாரம் இல்லை என்றன. வரி மட்டும் அப்படியே தொடர்ந்தது. நவம்பர் 5-ல் உச்ச நீதிமன்றத்தில் விசாரணை. அவர்கள் ஓட்டுப் போட்டு அன்றோடு சரியாக ஒரு வருஷம். அந்த வாதத்தை முழுக்கக் கேட்டேன். எங்கள் லைனில் கேட்க வேண்டிய கேள்விகளை அந்த நீதிபதிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எந்தக் கேள்வியும் 2024-ல் புதிதாகத் தோன்றியிருக்க வேண்டியதில்லை.

முதலாளி இப்போது டிரம்பைப் பற்றிப் பேசுவதில்லை. பேச்சை எடுத்தால் இங்கிலாந்து ஒப்பந்தத்துக்குத் தாவிவிடுவார். 2025 ஜூலையில் கையெழுத்தானது அது, அதன்படி ஆடைக்கு வரி இல்லை. மாஸ்டர் அப்படியில்லை. போன வாரம் டீ நேரத்தில் வந்து உட்கார்ந்தார். டிரம்ப் மூணாவது தடவை நிற்க முடியாதாமே என்று ஆரம்பித்தார். ஆமாம், இரண்டு முறைதான் என்றேன்.

"அப்ப அடுத்து அந்தத் துணை அதிபர் வான்ஸா தங்கச்சி?"

"நிக்கலாம்னு பேசிக்கிறாங்க மாஸ்டர்."

"அவரு சம்சாரம் உஷா, ஆந்திராக்காரங்க. கோதாவரிப் பக்கம். அவரு ஜெயிச்சப்ப அந்த ஊர்லயும் பூஜை போட்டாங்க, பாத்தீங்களா?" குரலில் பழைய உற்சாகம் திரும்பியிருந்தது. "பக்கத்து ஸ்டேட்டு மாப்பிள்ளை. கொஞ்சம் நம்மளப் பாக்க மாட்டாரு?"

நான் ஜெர்மனியிலிருந்து வந்த புது ஆர்டரின் தாளை அவர் கையில் கொடுத்தேன். மொத்தம் 1,800 பீஸ், ஐந்து கலர், ஆறு சைஸ். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார்.

"இதுக்கு மார்க்கர் போட்டா வெட்டுறதவிட வீணாப்போறதுதான் ஜாஸ்தி தங்கச்சி. ரெண்டு கலரைக் குறைக்கச் சொல்லி எழுதிப் பாருங்க."